மாமாவின் நோட்டில் இல்லாத கூலி

2024 அக்டோபரில் ஒருநாள் மொட்டை மாடியில் போர்வை காயப்போடக் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினேன். கைப்பிடிக் கம்பியும் கூடவே வந்தது. குனிந்து பார்த்தால் மூன்று கால்கள் அடியில் அறுந்து, பெயின்ட் தோலில் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே பச்சை எனாமல் பளபளவென்றுதான் இருந்தது.

வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து நேர்க்கோட்டில் 600 மீட்டர் இருக்கும். 2008இல் கட்டியது. கிழக்குப் பக்கம் மாடி விளிம்பில் 28 அடி, வெளிப் படிக்கட்டில் 14 அடி, மொத்தம் 42 அடிக் கைப்பிடி. எல்லாம் எம்.எஸ். சதுரக் குழாய், சாதா இரும்பு. நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ராத்திரி, அந்தக் கைப்பிடியை நைலான் கயிறு போட்டுத் தண்ணீர்த் தொட்டிக் காலோடு கட்டிவைத்தோம். தூக்கமில்லை.

என் மாமனார் பொதுப்பணித் துறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வாங்கிய ஆணி முதற்கொண்டு நோட்டில் எழுதி வைத்திருப்பார். உடைந்த கைப்பிடியைப் பார்த்துவிட்டு, "அடியில ரெண்டு தகடு வச்சு வெல்டு பண்ணி, ரெட் ஆக்சைடு அடிச்சா இன்னும் பத்து வருஷம் ஓடும்மா" என்றார். "எவர்சில்வர்ல போடறேன்னு காச கரைக்காத" என்பது கூடவே வந்த உபதேசம்.

சரி, முதலில் என்ன ஆகியிருக்கிறது என்று பார்ப்போம் என்று ஒரு காலைக் கிரைண்டரால் அறுத்தோம். உள்ளே ஒரு டம்ளர் அளவு பழுப்புத் தண்ணீர், அதற்கடியில் அப்பளம் அப்பளமாகத் துரு. வெல்டிங்கில் விட்ட ஊசித் துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, வெளியேற வழியில்லாமல் 16 வருஷம் நின்றிருக்கிறது. மாமா பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடித்ததெல்லாம் வெளிப்பக்கம். இரும்பு தின்னப்பட்டது உள்ளிருந்து. கால்கள் கைப்பிடிச் சுவரின் கான்கிரீட்டுக்குள் புதைத்து நிறுத்தப்பட்டவை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு காலைச் சுற்றியும் சுவர் நட்சத்திரம் போல வெடித்திருந்தது.

கடற்கரைக் காற்று இரும்பை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரநிலையில் வகை பிரித்திருக்கிறார்கள். உப்பு அதிகமுள்ள இடங்கள் சி4, சி5 வகைகளில் வரும். சி4இல் பூச்சில்லாத இரும்பு முதல் வருஷத்தில் 50 முதல் 80 மைக்ரான் கரையும். சி5இல் 80 முதல் 200 மைக்ரான். எங்கள் குழாயின் சுவர்த் தடிமன் 2 மில்லிமீட்டர், அதாவது 2,000 மைக்ரான். சமமாகக் கரைந்தாலே 20 வருஷம் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். துரு சமமாகவும் கரைப்பதில்லை. ஈரம் நிற்கும் இடத்தில் குழி பறிக்கும்.

விலை விசாரிக்கப் போனபோது முதல் குழப்பம். இரும்பைக் கிலோக் கணக்கில் சொல்கிறார்கள், ஸ்டெயின்லெஸை, அதாவது எவர்சில்வரை, அடிக் கணக்கில் சொல்கிறார்கள். கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் ஸ்டெயின்லெஸ் நாலைந்து மடங்கு விலை, பேச்சே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் அதே 42 அடிக்கு எம்.எஸ். 105 கிலோ வருகிறது. ஸ்டெயின்லெஸ் 71 கிலோதான். துருவுக்கென்று கூடுதல் தடிமன் வைக்க வேண்டியதில்லை என்பதால் 1.5 மில்லிமீட்டர் குழாயே போதும். ஆகவே முழு வேலைக்கும் சேர்த்து விலை கேட்டேன். எம்.எஸ்., பெயின்டோடு 17,000 ரூபாய். 202 ரக ஸ்டெயின்லெஸ் அடி 650 வீதம் 27,300. 304 ரகம் அடி 1,000 வீதம் 42,000. 316 ரகம் அடி 1,350 வீதம் 56,700. ஸ்டெயின்லெஸ் ரகங்களில் இந்த வரிசையில் பின்னால் வருவது உப்பை அதிகம் தாங்கும். மாமா முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் வட்டம் போட்டு என் முன்னால் வைத்தார்.

நான் அவருடைய பழைய நோட்டை எடுத்தேன். 2010, 2012, 2014, 2016, 2018 என்று ஐந்து முறை கைப்பிடிக்குப் பெயின்ட். 2012இல் மட்டும் ஓரத்தில் 'தானேக்கு அப்புறம்' என்று குறிப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி அடித்த அந்தப் புயலில் கடல் மணலே காற்றில் வந்து பெயின்டைச் சுரண்டியிருந்தது. ஐந்து முறைக்கும் பெயின்ட், பிரைமர், தின்னர், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 4,320 ரூபாய். உப்பைச் சுரண்ட உப்புத்தாள்!

அதற்கு அடுத்த பதிவு 2022இல். அப்போது மாமாவுக்கு 75 வயது, முழங்கால் அறுவை முடிந்திருந்தது, ஆள் வைத்தோம். கைப்பிடியின் வெளிப்பக்கம் அடிக்க வேண்டுமானால் இரண்டு மாடி உயரத்துக்குச் சாரம் கட்ட வேண்டும். சாரத்துக்கு 2,600, இரண்டு பெயின்டர் இரண்டு நாள் 3,400, சாமான் 1,500, ஆக 7,500 ரூபாய். முந்தைய ஐந்து முறைக்கும் ஆன தொகையைவிட அந்த ஒரு முறைக்கு அதிகம்.

"முன்னல்லாம் சாரம் கட்டாம எப்படி அடிச்சீங்க மாமா?" என்று கேட்டேன்.

"குனிஞ்சு அடிப்பேன். ஒரு கையால கம்பியப் புடிச்சுக்குவேன்."

ஒவ்வொரு முறையும் நாலு நாள் வேலை. சுரண்ட இரண்டு நாள், பிரைமருக்கு ஒன்று, பெயின்டுக்கு ஒன்று. நோட்டில் தின்னர் பாட்டில் விலை இருக்கிறது. அவருடைய கூலி ஒரு வரியிலும் இல்லை. இவ்வளவு காலம் இரும்பு மலிவாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

25 வருஷத்துக்குக் கணக்குப் போட உட்கார்ந்தேன். வழக்கமாக இப்படிக் கணக்கிடும்போது வருங்காலச் செலவை வட்டி போட்டுக் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். 7 சதவீத வட்டியில் பத்து வருஷம் கழித்துக் கொடுக்கப்போகும் 100 ரூபாய்க்கு இன்று 51 ரூபாய் எடுத்து வைத்தால் போதும். அதனால்தான் 'இப்போது மலிவாகப் போடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது காகிதத்தில் எப்போதும் ஜெயிக்கிறது. ஆனால் கூலி நிற்கிறதா? நோட்டில் 2008இல் பெயின்டர் நாள் கூலி 350, 2022இல் 850. ஆண்டுக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது. வங்கி வைப்பு வட்டியும் ஏறக்குறைய அதே அளவுதான். ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. எனவே எல்லாவற்றையும் இன்றைய விலையிலேயே கூட்டினேன்.

எம்.எஸ். போட்டால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட், 15ஆம் வருஷம் மொத்தமாக மாற்றுதல். பெயின்ட் ஏழு முறை, முறைக்கு 7,500 வீதம் 52,500. முதலில் 17,000, மாற்றும்போது கழற்றும் செலவோடு 19,000. கூட்டினால் 88,500. 316இன் விலை 56,700. பிறகு துணியும் தண்ணீரும்தான். 304க்கு நாலு வருஷத்துக்கு ஒருமுறை சாரம் கட்டிக் கறை எடுக்க 4,000 என்று வைத்தாலும் ஆறு முறை 24,000, ஆக 66,000. இந்தப் பராமரிப்பு எண்கள் என் உத்தேசம். உங்கள் வீடு கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 304 தாராளமாகப் போதும், கணக்கும் மாறிவிடும்.

நியாயத்துக்கு இன்னொரு கணக்கும் போட்டேன். மாமாவே முன்போல இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏறி அடித்தால்? பெயின்ட் பதினொரு முறை, சாமான் மட்டும் 16,500. மற்ற இரண்டு தொகையும் சேர்த்து 52,500. 316ஐவிட 4,200 ரூபாய் மிச்சம்! அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மிச்சத்துக்குப் பின்னால் 44 நாள் உழைப்பு இருக்கிறது. நாள் கூலி 850 வீதம் 37,400 ரூபாய். அவருக்கு இப்போது 78. என் கணவர் கப்பலில். என் பையன் உப்புத்தாளைக் கையால் தொட்டதில்லை.

"பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம்தான் ஈடாகுதுன்னு நீயே போட்டிருக்க. அப்ப யாரு இருக்கப் போறா?" என்றார். உண்மைதான், வருஷாவருஷம் கூட்டிப் பார்த்தால் 12ஆம் வருஷம் வரை எம்.எஸ். 47,000தான்; மாற்றும் வருஷம் வந்ததும் 66,000க்குத் தாவுகிறது. "வீடு இருக்கும் மாமா" என்றேன். பதில் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

202ஐ ஏன் விட்டேன் என்றும் சொல்ல வேண்டும். 2019இல் வாசல் படிக்கு 12 அடிக் கைப்பிடி, '304' என்று சொல்லி ஒரு கடையில் 8,400 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டே மாதத்தில் தேநீர்க் கறை போலப் பழுப்பு இறங்கியது. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்" என்றார். காந்தச் சோதனை இதற்கு உதவாது. 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. பழைய ஸ்டீல் வாங்கும் இடத்தில் சின்னப் புட்டியில் ஒரு திரவமும் பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்தவர் எங்கள் கைப்பிடியில் ஒரு துளி விட்டு பேட்டரி முனையை வைத்தார், துளி சிவந்துவிட்டது. மாங்கனீஸ் அதிகம் என்று அர்த்தம், 202 ரகம். விலையேறிய நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீஸைச் சேர்த்தது. 304இல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316இல் அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். உப்பு குழி பறிக்காமல் தடுப்பது அந்த மாலிப்டினம்தான்.

அந்த 202 கைப்பிடியை வீணாக்கவில்லை. அறுத்து, மாமாவின் அறையிலிருந்து குளியலறை வரை சுவரில் பிடிமானமாக மாட்டியிருக்கிறோம். வீட்டுக்குள் உப்புக்காற்று அவ்வளவாக வருவதில்லை. இதுவரை ஒரு புள்ளி விழவில்லை.

இதனால் வீடு முழுக்க 316 போட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் கிரில் எல்லாம் பழைய எம்.எஸ்.தான், உள்பக்கத்திலிருந்தே கை எட்டும், அரை நாளில் ஒரு ஜன்னல் அடித்துவிடலாம். வாசல் கேட்டும் எம்.எஸ்.தான். 140 கிலோ, அதை 316இல் செய்தால் லட்சத்தைத் தாண்டும். ஆனால் இந்த முறை புதிதாகச் செய்து கால்வனைசிங் தொட்டியில் முக்கி எடுத்தோம். 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முழுக் கேட்டும் மூழ்கி எழும். குழாயின் உள்பக்கத்துக்கும் பூச்சு போய்ச் சேரும். அதற்காகவே ஒவ்வொரு குழாயிலும் துளை போட்டு அனுப்ப வேண்டும். மூடிய குழாய்க்குள் ஈரம் மாட்டியிருந்தால் அந்தச் சூட்டில் நீராவியாகி வெடித்துவிடும். 2 மில்லிமீட்டர் குழாயில் ஏறும் பூச்சு சராசரி 55 மைக்ரான். சி4இல் துத்தநாகம் முதல் வருஷத்தில் 2 முதல் 4 மைக்ரான்தான் கரையும். பெயின்டே அடிக்காவிட்டாலும் 13 வருஷத்துக்குக் கவலையில்லை. கேட்டின் மேல் அடிக்க மாமா ஆசையாகப் பச்சை எனாமலோடு வந்தார். துத்தநாகத்தின் மேல் எனாமலை நேராக அடித்தால் சோப்பு மாதிரி ஆகி உரிந்துவிடும். அதற்கென்று தனிப் பிரைமர் உண்டு என்று தடுத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

வேலை 2025 பிப்ரவரியில் தொடங்கியது. பழையதை அறுத்து எடுத்ததும் பழைய இரும்புக் கடையில் எடை போட்டோம், 83 கிலோ. 2008 பில்லில் 104 கிலோ. மீதி, சுவருக்குள் மாட்டிய அடிக்கட்டைகளும் காற்றில் போன துருவும். புதைந்திருந்த அடிக்கட்டைகளை உளி வைத்து எடுக்கவே கொத்தனாருக்கு ஒன்றரை நாள் ஆனது. சுவருக்குள் இருந்த கான்கிரீட் கம்பியும் இரண்டு இடத்தில் தலைகாட்டியது. கம்பியைப் பளபளப்பாகும் வரை பிரஷ் போட்டு, துத்தநாகப் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினோம்.

இங்கே ஒரு கிளைக்கதை. பெயின்ட் அடிக்கக் கையே எட்டாத இரும்பு என்றால் அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிதான். மெக்சிகோவின் யுகடான் கரையில் ப்ரோக்ரெசோ என்ற ஊரில் 1937 முதல் 1941 வரை கட்டிய கடற்பாலத்துக்கு அப்போதே 304 ரகக் கம்பி போட்டார்கள். அது இன்றும் நிற்கிறது. பிற்பாடு பக்கத்தில் சாதா கம்பி போட்டுக் கட்டிய இன்னொரு பாலம் கடலோடு போய்விட்டது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், 2022 மார்ச்சில் புதுச்சேரிக் கடற்கரைப் பழைய பாலத்தின் ஒரு பகுதி சரிந்ததைப் போய்ப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். வீட்டுக் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் என்பது நம் சக்திக்கு மீறியது. அதற்குப் பதில் கம்பியின் மேல் கான்கிரீட் கனத்தைக் கூட்டுவது மலிவு. கடல்நீர்த் தெளிப்பு படும் கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை கேட்பது 50 மில்லிமீட்டர். எங்கள் கைப்பிடிச் சுவரில் இருந்தது 15.

புதிய கால்களைப் புதைக்கவில்லை. அடியில் 316 தகடு வெல்டு செய்து, சுவரின் மேல் வைத்து போல்ட் போட்டோம். தண்ணீர் தேங்க இடமே இல்லை. இதில் வெல்டிங் பட்டறைத் தம்பியோடு ஒரு சண்டை. பையில் கொண்டுவந்தது துத்தநாகம் பூசிய சாதா போல்ட். "எல்லாரும் இதான் போடறாங்கக்கா, உள்ள போயிடும், யாருக்குத் தெரியும்?" என்றான். இரண்டு வகை உலோகம் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. பெரிய ஸ்டெயின்லெஸ் பக்கத்தில் சின்னச் சாதா போல்ட் இருந்தால் போல்ட்டைத்தான் தின்னும். கைப்பிடி 50 வருஷம் இருக்கும், அதைப் பிடித்திருக்கும் போல்ட் ஐந்து வருஷத்தில் போய்விடும். தலையில் 'ஏ4' என்று பொறித்த போல்ட்தான் 316 ரகம். கடலூரில் கேட்ட கடைகளில் கிடைக்காமல் சென்னையிலிருந்து வரவழைக்க நாலு நாள், 48 போல்ட்டுக்கு 3,100 ரூபாய். என் 56,700 கணக்கில் இது இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் கவனக்குறைவு. குழாய்களை மாடியில் அடுக்கிவைத்திருந்தோம். அதே இடத்தில், கேட்டின் தாழ்ப்பாளுக்கு ஒரு எம்.எஸ். பட்டையைத் தம்பி கிரைண்டரில் அறுத்தான். பொறி பறந்தது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் காலை பனியில் நனைந்த புதுக் குழாய் முழுக்கப் பழுப்புப் புள்ளி. மாமா காபி டம்ளரோடு மேலே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பாத்தியாம்மா, உன் எவர்சில்வருக்கும் துரு" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு, சமீபத்தில் பார்த்ததில்லை.

அது ஸ்டெயின்லெஸின் துரு இல்லை. மேலே போய் ஒட்டிக்கொண்ட இரும்புத் தூளின் துரு. ஆனால் அப்படியே விட்டால் அதற்கடியில் ஸ்டெயின்லெஸிலும் குழி விழத் தொடங்கும். வெல்டிங் சூட்டில் படியும் நீலக் கறையை எடுக்க வைத்திருந்த பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசையைத் தடவிக் கழுவினோம், போய்விட்டது. அந்த பேஸ்ட்டில் இருக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலைத் தாண்டி எலும்பு வரை போகக்கூடியது. தம்பி வெறுங்கையால் எடுக்கப்போனான். ரப்பர் கையுறை வாங்கிவரும் வரை வேலையை நிறுத்திவைத்தேன். அதற்கப்புறம் எம்.எஸ். வேலை எல்லாம் தெருவில். ஸ்டெயின்லெஸுக்குத் தனி வீல், தனி பிரஷ்.

பளபளப்பும் அலங்காரத்துக்கல்ல. மங்கலான கோடு போட்ட பாலிஷ் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கோடுகளில் உப்பு உட்கார்ந்துகொள்ளும். கடற்கரையில் கண்ணாடி பாலிஷ்தான் நல்லது.

இந்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் முழுக்கத் தடவிப் பார்த்தேன். மழை படும் மேல்பக்கம் புத்தம் புதிது. மேல் குழாயின் அடிப்பக்கம், மழைத்தண்ணீர் கழுவாத இடம், கை வைத்தால் நறநறவென்று உப்பு. மூன்றாவது கால் சேரும் இடத்தில் மட்டும் லேசான பழுப்பு, வெல்டிங்கைச் சரியாகத் தேய்க்காமல் விட்டிருக்கிறான். துணியால் துடைத்ததில் பாதி போனது. மீதிக்குத் தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன், 'நாளைக்கு வரேன்கா' மூன்று வாரமாக ஓடுகிறது.

கழுவுவதற்கு போர்வெல் தண்ணீர் கூடாது, எங்கள் தெருவில் அதுவே உப்பு. குடிநீர்க் குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி, கொஞ்சம் பாத்திர சோப்பு. டைல்ஸ் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங்கும் பக்கத்திலேயே வரக்கூடாது, இரண்டுமே குளோரின் சமாச்சாரம். மாதம் ஒருமுறை மாமா உள்பக்கம் நின்றபடியே, குனியாமல், கையை மட்டும் அடியில் விட்டுத் துடைக்கிறார். ஜன்னல் கிரில்லுக்குத் தை மாதம் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று இப்போதே ரெட் ஆக்சைடு அரை லிட்டர் வாங்கிவந்துவிட்டார். நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். கூலி என்று ஒரு வரியை நான் போட்டு 850 என்று எழுதினேன். அடித்துவிட்டு, '400, உட்கார்ந்த வேலை' என்று திருத்தியிருக்கிறார்.